தண்ணி கெடக்கு, வாழை வாடுது: கம்பம் பள்ளத்தாக்கு கொடுத்த எச்சரிக்கையை யார் கேட்டது?

ஆப்பில் ஆர்டர் போட்டால் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது ஆறு வாழைப்பழம். நீளமாக, ஒரே அளவில், புள்ளி இல்லாத மஞ்சளில். கடைக்காரர் அதை 'மோரிஸ்' என்பார், 'பச்சைப்பழம்' என்பார். விவசாயி 'ஜி9' என்பார், 'திசு வாழை' என்பார். எல்லாம் கேவண்டிஷ் என்கிற ஒரே குடும்பம். தமிழ்நாட்டில் இந்தப் பழம் அதிகம் விளையும் இடங்களில் ஒன்று தேனி மாவட்டம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு முழுக்க வாழைத் தோட்டங்கள்.

இந்த மஞ்சள் பழத்துக்குப் பின்னால் இன்னொரு மஞ்சள் இருக்கிறது. ஐந்து, ஆறு மாத வாழை. நேற்று வரை பச்சைப் பசேல் என்று நின்றது. அடி இலையின் ஓரம் மஞ்சளாகிறது. அடுத்த வாரம் இலைகள் காம்பில் ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்குகின்றன. பாத்தியில் தண்ணி கெடக்கு, ஆனால் மரம் வாடுது. இதுதான் வாடல் நோய். உலகம் முழுக்க இதற்குப் பெயர் பனாமா நோய்.

சரி, வாழைக்கு ஒரு நோய், விவசாயியும் வேளாண் துறையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே, இதில் மற்றவர்களுக்கு என்ன என்று தோன்றலாம். தேனியில் நடந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது.

தேனியில் என்ன நடந்தது?

2010-ம் ஆண்டு. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் ஆர்.தங்கவேலு, எம்.எம்.முஸ்தபா இருவரும் 'பிளான்ட் டிசீஸ்' என்கிற சர்வதேச ஆய்விதழில் ஒரு சிறிய குறிப்பை வெளியிட்டார்கள். அதன் சாரம் இதுதான்: தேனி மாவட்டத்தில் கேவண்டிஷ் வாழையில் வாடல் நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. காரணம், 'ரேஸ் 1' வகையைச் சேர்ந்த, வீரியம் கூடிய பூஞ்சை. இந்தியாவில் இது முதல் பதிவு.

இதில் என்ன அதிர்ச்சி? கேவண்டிஷை ரேஸ் 1 ஒன்றும் செய்யாது என்பதுதான் பாடப்புத்தகம். உலகமே கேவண்டிஷை நம்பி இறங்கியதற்கு அந்த எதிர்ப்புச் சக்திதான் காரணம். அந்த நம்பிக்கையில் விழுந்த கீறல்களில் ஒன்று, கம்பம் பள்ளத்தாக்கு இருக்கும் இந்த மாவட்டத்தில் விழுந்தது.

கேவண்டிஷ் வந்த கதை

நம் தாத்தா காலத்து வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிட்ட வாழைப்பழம் வேறு. அதன் பெயர் குரோ மிஷேல். மத்திய அமெரிக்காவில் பெரிய பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கான ஏக்கரில் அந்த ஒரே ரகத்தைப் போட்டு, கப்பலில் ஏற்றி அனுப்பின. வாடல் நோய் வந்தது. ஒரு தோட்டம் போனால் காட்டை அழித்து அடுத்த தோட்டம் போட்டார்கள். அங்கேயும் வந்தது. கடைசியில், 1950-60களில் குரோ மிஷேலைக் கைவிட்டு, நோய் தாங்கும் கேவண்டிஷுக்கு மாறினார்கள். இன்று உலக வாழை ஏற்றுமதியில் கிட்டத்தட்ட எல்லாமே கேவண்டிஷ்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, நோயை யாரும் ஜெயிக்கவில்லை. ரகத்தை மாற்றி ஒதுங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதை புதிதல்ல. ரஸ்தாளி ருசியான பழம், ஆனால் வாடல் நோய்க்குச் சட்டென்று விழுந்துவிடும். ரஸ்தாளி போட்டுக் கை சுட்டுக்கொண்ட விவசாயிகள் பல மாவட்டங்களில் உண்டு. ஜி9 வந்தபோது, விளைச்சல் அதிகம், ஒரே நேரத்தில் வெட்டு, கூடவே வாடல் பயம் இல்லை என்பதும் பெரிய ஈர்ப்பாக இருந்தது.

மரத்துக்குள் என்ன நடக்கிறது?

பூஞ்சையின் பெயர் ஃபியூசேரியம். மண்ணில் இருக்கும். வேரின் நுனி வழியாகவோ, நூற்புழு கடித்த காயம் வழியாகவோ உள்ளே நுழையும். பிறகு, தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய்களுக்குள் வளரும். மரம் சும்மா இருக்காது. எதிரியைத் தடுக்கத் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்ளும். அடைப்பு கூடக் கூட, இலைக்குத் தண்ணீர் போகாது. அதனால்தான் ஈர மண்ணில் நின்றுகொண்டே வாழை வாடுகிறது.

தண்டையோ கிழங்கையோ குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் கோடுகளும் வளையங்களும் தெரியும். மரம் செத்த பிறகும் கதை முடியாது. பூஞ்சை தடித்த சுவருள்ள வித்துகளாக மாறி மண்ணில் உறங்கும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, பல பத்தாண்டுகள். மகன் காலத்தில் திரும்ப வாழை போட்டாலும் எழுந்து வரும்.

ஒரு பயத்தை மட்டும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்தப் பூஞ்சை வாழையைத்தான் தாக்கும். நோய் வந்த தோட்டத்துப் பழத்தைச் சாப்பிட்டால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. இதைக் கேள்விப்பட்டு யாரும் தேனி வாழையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒதுக்கினால் நஷ்டம் விவசாயிக்கு மட்டும்தான்.

எல்லா மஞ்சளும் ஒரே நோயா?

இல்லை. பெரும் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜி9 தோட்டங்களில் கிழங்கு அழுகல் என்று ஒரு நோய் உண்டு. அது பூஞ்சையால் வருவதல்ல, பாக்டீரியாவால் வருவது. வெயில் காலத்தில், நட்ட சில மாதங்களில் இளம் வாழையைத் தாக்கும். இலை மஞ்சளாகும், மரம் சாயும். பிடித்து இழுத்தால் கழுத்தோடு ஒடிந்து வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். அழுகிய நாற்றம் அடிக்கும். இதற்கு வடிகால், பிளீச்சிங் பவுடர் கரைசல், காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்று தனி வைத்தியம் இருக்கிறது. சத்துக் குறைபாட்டாலும் இலை மஞ்சளாகும். வேர் அழுகினாலும் ஆகும்.

போனில் போட்டோ எடுத்து உரக்கடைக்கு அனுப்பினால், பதிலுக்கு ஒரு மருந்துப் பட்டியல் வரும். வாங்கி ஊற்றியாச்சு. பூஞ்சைக்குப் பாக்டீரியா மருந்து, பாக்டீரியாவுக்குப் பூஞ்சை மருந்து. காசும் போச்சு, இரண்டு வாரமும் போச்சு. அந்த இரண்டு வாரத்தில் நோய் பக்கத்துப் பாத்திக்குப் போய்விட்டது. தண்டை வெட்டிப் பார்த்தால் வாடல் நோயா இல்லையா என்பது ஓரளவு தெரியும். ஆனால் அது ரேஸ் 1-ஆ, அதைவிட மோசமான வேறு வகையா என்பதைக் கண்ணால் சொல்லவே முடியாது. ஆய்வகத்தில் மரபணுச் சோதனை செய்தால்தான் தெரியும்.

சரி, மருந்து அடிச்சா போகாதா?

இதே பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை வைத்துப் பார்த்தால் விடை எளிதில் புரியும். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கும் நோய்கள் உண்டு. மழையும் பனியும் சேர்ந்தால் அடிச்சாம்பல் நோய் இலையின் அடியில் வெள்ளையாகப் படரும். அதன் வித்துகள் காற்றிலும் மழைத்துளியிலும் வந்து இலையின் மேல் விழுகின்றன. அதனால் இலையின் மேல் மருந்து இருந்தால் தடுக்க முடிகிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, 1880-களில் பிரான்சில் இதே நோய்க்காகத்தான் புழக்கத்துக்கு வந்தது. செலவு உண்டு, மருந்து மிச்சம் பற்றிய கவலை உண்டு. ஆனாலும் வழி இருக்கிறது.

வாழை வாடலில் எதிரி இருப்பது மண்ணிலும் மரத்தின் குழாய்க்குள்ளும். மேலே தெளிப்பதால் பலனில்லை. கார்பென்டசிம் மருந்தைக் கிழங்கில் ஊசி மூலமாகவோ கேப்ஸ்யூலாகவோ வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அது அந்த மரத்துக்கு உதவலாம். ஆனால் ஏக்கர் கணக்கில் மண்ணைச் சுத்தம் செய்யும் மருந்து எதுவும் கிடையாது.

நம்பிக்கை தருவது நன்மை செய்யும் நுண்ணுயிர்கள். ட்ரைக்கோடெர்மா பூஞ்சையும் சூடோமோனாஸ் பாக்டீரியாவும் வேரைச் சுற்றி வளர்ந்து, ஃபியூசேரியத்துக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளும். திருச்சி மையம் கிராண்ட் நைன் வாழையில் உள்நாட்டு ட்ரைக்கோடெர்மா வகைகளைச் சேர்த்துச் சோதித்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டது. லக்னோவில் உள்ள மத்திய நிறுவனம் 'ஃபியூசிகான்ட்' என்ற தயாரிப்பைக் கொண்டுவந்திருக்கிறது. திசு வாழைக்கு இது கூடுதலாகத் தேவை. ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் வளர்ந்த கன்றுக்குள் கெட்ட கிருமி இல்லை, உண்மைதான். ஆனால் நல்ல கிருமியும் இல்லை. வெறும் கையோடு போர்க்களத்தில் இறங்குவது மாதிரி அது நோயுள்ள மண்ணில் இறங்குகிறது.

இவை நோயைக் குறைக்கும், தள்ளிப்போடும். ஒரேயடியாக ஒழிக்காது. ஆகவே பரவாமல் தடுப்பதுதான் முதல் வைத்தியம்.

எப்படிப் பரவுகிறது?

பக்கக் கன்று வழியாக. வெளியே பார்த்தால் கொழுகொழு என்று இருக்கும், உள்ளே பூஞ்சை இருக்கும். தார் வெட்டும் ஆட்களின் அரிவாள் வழியாக. டிராக்டர் சக்கரத்திலும் செருப்பிலும் ஒட்டிய மண் வழியாக. பாசனத் தண்ணீர் வழியாக.

கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பைப் பார்த்தால் கடைசி வழி எவ்வளவு முக்கியம் என்று புரியும். லோயர் கேம்ப்பில் இருந்து பழனிசெட்டிபட்டி வரை ஒரே ஆற்றின் கால்வாய்களில்தான் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. ஒரு வயலின் வடிகால் அடுத்த வயலின் பாசனம். மேல்மடையில் ஒருவர் செய்யும் தவறு கீழ்மடையில் பத்துப் பேரைத் தாக்கும். வெட்டு ஆட்கள் காலையில் ஒரு தோட்டம், மதியம் இன்னொரு தோட்டம். லாரி ஒன்று, சந்து பத்து.

அதாவது, இங்கே ஒரு விவசாயி தன் தோட்டத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ள முடியாது.

அடுத்து வருவது டிஆர்4

ரேஸ் 1-ஐவிடக் கொடியது 'வெப்பமண்டல ரேஸ் 4', சுருக்கமாக டிஆர்4. கேவண்டிஷை வீழ்த்துவதில் பெயர் பெற்றது. ரேஸ் 1-க்கு விழும் பல ரகங்களையும் இது விடாது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியா, ஜோர்டான், மொசாம்பிக் என்று பரவியது. 2019 ஆகஸ்டில் கொலம்பியாவில் உறுதியானபோது அந்த நாடு அவசரநிலையே அறிவித்தது. 2021-ல் பெரு.

இந்தியாவில் பீகாரின் கட்டிஹார், பூர்ணியா பகுதிகளில் இது கண்டறியப்பட்டதை 2019-ல் அறிவியல் உலகுக்குத் தெரிவித்ததும் திருச்சி விஞ்ஞானிகள் குழுதான். பிறகு உத்தரப்பிரதேசம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று பதிவுகள் வந்தன. கன்றும் பழமும் லாரியும் மாநில எல்லை பார்த்து ஓடுவதில்லை.

விவசாயி ஏன் வெளியே சொல்வதில்லை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்குச் சுமார் 1,200 கன்று. பத்தில் ஒரு மரம் போனால் 120 தார். தாருக்கு 25 கிலோ என்று வைத்தால் 3 டன் பழம். உரம், சொட்டுநீர், முட்டுக்கம்பு, கூலி எல்லாம் அந்த மரங்களுக்கும் போட்டாச்சு. நிலம் குத்தகை என்றால் அதுவும் தனி.

இந்த நிலையில் அவர் போய் 'என் தோட்டத்தில் வாடல் வந்திருக்கு' என்று சொன்னால் என்ன கிடைக்கும்? வியாபாரி விலையைக் குறைப்பார். நிலத்துச் சொந்தக்காரர் முகம் சுளிப்பார். காப்பீடு? பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், நோயால் வரும் இழப்பை ஒரு பகுதியின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் பார்க்கிறது. தனித் தோட்டமாகக் கணக்கெடுப்பது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளத்தில் மூழ்குவது போன்றவற்றுக்குத்தான். ஒரே ஒரு தோட்டத்தில் நோய் தொடங்கும்போது, அதாவது தடுக்க முடிகிற ஒரே கட்டத்தில், அந்த விவசாயிக்கு ஒரு ரூபாயும் கிடைக்க வழியில்லை.

அப்படியானால் அவர் என்ன செய்வார்? மரத்தை வெட்டி வரப்பிலோ வாய்க்காலிலோ போடுவார். மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்பார். இதை அறியாமை என்று சொல்வது தவறு. பேசினால் நஷ்டம், பேசாவிட்டால் கொஞ்சமாவது மிஞ்சும் என்கிற நிலையில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள்.

ஆஸ்திரேலியா என்ன செய்தது?

2015 மார்ச்சில் குயின்ஸ்லாந்தின் டல்லி பகுதியில் ஒரு தோட்டத்தில் டிஆர்4 கண்டறியப்பட்டது. அந்நாட்டு வாழை உற்பத்தியின் இதயப் பகுதி அது. உடனே தோட்டம் தனிமைப்படுத்தப்பட்டது. வண்டி கழுவும் இடம், செருப்பு மாற்றும் இடம் என்று மற்ற தோட்டங்களும் தங்களை மாற்றிக்கொண்டன. 2016-ல் வாழை விவசாயிகளின் அமைப்பே, அரசு நிதி உதவியோடு, அந்தத் தோட்டத்தை விலை கொடுத்து வாங்கி மூடியது. நோய் முழுதாக நின்றுவிடவில்லை, ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய தோட்டங்களைத்தான் தொட்டது.

இரண்டு, மூன்று ஏக்கர் விவசாயிகள் நிறைந்த கம்பத்தில் இதை அப்படியே செய்ய முடியாது என்பது நியாயமான வாதம். ஆனால் அதில் இருக்கும் கொள்கை எங்கும் பொருந்தும்: முதலில் சொன்னவருக்கு நஷ்டம் வரக் கூடாது. அந்த நஷ்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று, சோதனை. பெரியகுளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. வாடல் மாதிரியை அங்கே கொடுத்தால், எந்த நோய், எந்த ரேஸ் என்கிற முடிவு சில நாட்களில், இலவசமாக, விவசாயியின் போனுக்கே வர வேண்டும். அதற்கான ஆளும் கருவியும் நிரந்தரமாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சுமார் 200 கி.மீ. தள்ளி இருக்கும் திருச்சிக்கு அனுப்புவது இரண்டாம் கட்டமாக இருக்கட்டும்.

இரண்டு, இழப்பீடு. சோதனையில் வாடல் உறுதியானால், அந்த மரத்தையும் சுற்றியுள்ள மரங்களையும் முறைப்படி அழிக்கச் சம்மதிக்கும் விவசாயிக்கு, தார் விலையில் ஒரு பங்கு. பறவைக் காய்ச்சல் வந்தால் கோழிகளை அழித்துவிட்டு இழப்பீடு கொடுக்கும் நடைமுறை இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது. வாழைக்கு ஏன் கூடாது?

மூன்று, கன்று. திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான மத்திய அரசின் சான்றிதழ் முறை 2006 முதல் இருக்கிறது. அது முக்கியமாக வைரஸ் இருக்கிறதா, ரகம் சுத்தமா என்று பார்க்கிறது. கன்று ஆய்வகத்தைவிட்டு வெளியே வந்து பையில் வளரும் நர்சரி மண்ணும் அதே அக்கறையோடு சோதிக்கப்பட வேண்டும். எந்த நர்சரியில் இருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனது என்கிற பதிவும் வேண்டும். நோய் பதிவான மாநிலங்களில் இருந்து நடவுக் கன்று வருவதைத் தடுக்க, 1914-ம் ஆண்டுச் சட்டமே மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது.

நான்கு, சுழற்சி. வாழைக்குப் பின் வாழை, மறுபடி வாழை என்று போவது பூஞ்சைக்கு விருந்து வைப்பது மாதிரி. இடையில் நெல் போட்டு வயலில் தண்ணீர் நிறுத்துவது நோயைக் குறைக்கும் என்பது பழைய, பலன் தெரிந்த முறை. நெல்லும் வாழையும் பக்கத்துப் பக்கத்தில் விளையும் பள்ளத்தாக்குக்கு இது கைக்கெட்டிய வைத்தியம். நெல்லில் வருமானம் குறைவு என்பதால்தான் தயக்கம். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு ஊக்கத்தொகை போதும்.

ரகத்தை மாற்றினால் முடிந்துவிடாதா?

முயற்சிகள் நடக்கின்றன. தைவானில் திசு வளர்ப்பில் தற்செயலாக வந்த மாற்றங்களைத் தேர்ந்தெடுத்து, நோயை ஓரளவு தாங்கும் கேவண்டிஷ் ரகங்களை உருவாக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் காட்டு வாழையின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய 'க்யூகேவ்-4' ரகத்துக்கு 2024-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் எந்தப் புது ரகமாக இருந்தாலும், அதை மட்டுமே நாடு முழுக்கப் போட்டால் குரோ மிஷேல் கதைதான் திரும்ப வரும். விதையில்லாத வாழை எல்லாமே ஒன்றின் நகல். ஒன்று விழுந்தால் எல்லாம் விழும்.

இங்கே நகரத்து வாடிக்கையாளருக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. செவ்வாழை, பூவன், நாழிப்பூவன் எல்லாம் தமிழ்நாட்டுச் சந்தையில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. புள்ளி இல்லாத ஒரே நீள மஞ்சள் பழத்தைத் தவிர வேறு எதையும் தொடாத ஷாப்பிங் பழக்கம்தான், விவசாயியை ஒரே ரகத்துக்குத் தள்ளுகிறது.

2010-ல் தேனி மண் ஒரு தகவலைச் சொன்னது. அதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தவர்கள் தமிழ்நாட்டு விஞ்ஞானிகள். ஆராய்ச்சி தன் வேலையைச் செய்துவிட்டது. இனி பாக்கி இருப்பது, வாடிய முதல் மரத்தைப் பார்த்ததும் ஒரு விவசாயி பயப்படாமல் போனை எடுத்துச் சொல்லும் நிலைமையை உருவாக்குவது. அதற்குத் தேவை புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஒரு அரசாணையும் கொஞ்சம் நிதியும் போதும்.